ஏப்பத்தின் கணக்கு
நியூசிலாந்தின் மீத்தேன் கொள்கை பற்றி ஒரு விமரிசனம்

நியூசிலாந்து நாட்டின் மக்கள்தொகை சுமார் 53 லட்சம். அங்குள்ள மாடுகள் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவு. செம்மறியாடுகள் இரண்டு கோடிக்கும் மேல். மனிதனை விடக் கால்நடை பல மடங்கு மிகுந்த நாடு அது. தொழில்வளம் மிக்க பிற நாடுகளில் பசுங்குடில் வாயுக்கள் பெரும்பாலும் புகைபோக்கிகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் வெளிவருகின்றன. நியூசிலாந்திலோ அவற்றில் ஏறக்குறைய சரிபாதி வேளாண்மையிலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு கால்நடைகள் விடும் ஏப்பம்!

ஆகவே கால்நடைகள் வெளியிடும் வாயுவை எப்படிக் குறைப்பது என்று அந்த நாடு யோசித்த அளவுக்கு வேறு நாடு யோசித்திருக்குமா என்பது ஐயமே. யோசித்துச் சட்டமும் இயற்றியது. ஆனால் 2025-ஆம் ஆண்டு அக்டோபரில், தான் வகுத்த இலக்கைத் தானே குறைத்துக்கொள்வதாக அறிவித்தது. இம்முடிவுக்கு அறிவியலே ஆதாரம் என்றும் அரசு கூறியது. அந்த ஆதாரம் எத்தகையது என்பதை உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கணக்கு சரி, கணக்கைத் தொடங்கிய இடம்தான் சரியில்லை.

வயிற்றுக்குள் ஒரு கோபர் காஸ் கலம்

மாடும் ஆடும் புல்லைத் தின்று அசைபோடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். புல்லிலுள்ள செல்லுலோசை நம் வயிறு செரிக்காது. மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவதும் பெரியதுமான ரூமென் என்ற அறையில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வாழ்ந்து, புல்லை நொதிக்கச் செய்கின்றன. அப்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. ஆர்க்கியா என்னும் வகையைச் சேர்ந்த சில நுண்ணுயிரிகள் இந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றுகின்றன. கோபர் காஸ் கலத்தில் சாணத்துக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுவே. கலத்து வாயுவை நாம் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுபோகிறோம். மாட்டின் வாயு, வாய் வழியே காற்றில் கலந்துவிடுகிறது.

இது மாட்டுக்கும் நஷ்டமே. அது தின்னும் தீவனத்தின் ஆற்றலில் சுமார் 6 விழுக்காடு பாலாகவும் மாறாமல் சதையாகவும் மாறாமல் மீத்தேனாகப் பறந்துவிடுகிறது. நன்றாகக் கறக்கும் ஒரு பசு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ மீத்தேன் வெளியிடுகிறது என்று நம் கணக்குக்காக வைத்துக்கொள்வோம்.

இரண்டு தொட்டிகள்

இப்போது கொஞ்சம் இயற்பியல். கதிரியக்கப் பாடத்தில் 'சராசரி ஆயுள்' என்ற சொல்லை மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதே கருத்து இங்கும் பயன்படும். வளிமண்டலத்தில் கலந்த மீத்தேன், வேதிவினைகளால் மெல்ல மெல்ல அழிகிறது. அதன் சராசரி ஆயுள் சுமார் 12 ஆண்டுகள். இன்று 100 டன் விட்டால் 12 ஆண்டுகளில் 37 டன்னும், 24 ஆண்டுகளில் 14 டன்னும் எஞ்சும். 50 ஆண்டுகள் கழிந்தால் இரண்டு டன் கூட இராது. கரியமில வாயுவின் கதை வேறு. இன்று விடும் 100 டன்னில் சுமார் 40 டன், நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் காற்றிலேயே இருக்கும்.

இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் அடியில் ஓட்டை உண்டு. மற்றதில் ஓட்டை கிடையாது. இரண்டிலும் குழாயை ஒரே அளவில் திறந்து வைக்கிறோம். ஓட்டையில்லாத தொட்டியில் நீர்மட்டம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். கரியமில வாயு, கிட்டத்தட்ட அப்படித்தான். ஓட்டையுள்ள தொட்டியில் நீர்மட்டம் ஓரளவு ஏறியபின், வரும் நீரும் போகும் நீரும் சமமாகி, மட்டம் நிலைத்து நின்றுவிடும். மீத்தேன் அப்படிப்பட்டது.

100 பசுக்கள் கொண்ட ஒரு பண்ணை ஆண்டுக்கு 10 டன் மீத்தேன் விடுகிறது. சராசரி ஆயுள் 12 ஆண்டு. ஆகவே அந்தப் பண்ணை பல ஆண்டுகள் ஒரே நிலையில் நடந்தால், காற்றில் அதன் பங்கு 10 × 12 = 120 டன் என்ற மட்டத்தில் நிற்கும். பசுக்களின் எண்ணிக்கை கூடாதவரை அந்த 120 டன்னும் கூடாது. மீத்தேனை 30 விழுக்காடு குறைத்தால் மட்டம் சில பத்தாண்டுகளில் 84 டன்னுக்கு இறங்கும். வெளியீட்டைக் குறைத்தால் காற்றிலுள்ள அளவே இறங்குகிறது. கரியமில வாயுவில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே குழாயைப் பாதியாக மூடினாலும் மட்டம் ஏறத்தான் செய்யும். வேகம் மட்டுமே குறையும்.

28 என்ற எண்

இவ்வளவு வேறுபட்ட இரண்டு வாயுக்களை ஒரே கணக்கேட்டில் எழுதுவது எப்படி? இதற்காக விஞ்ஞானிகள் வகுத்த அளவுகோல்தான் புவி சூடேற்றத் திறன். ஒரு டன் மீத்தேன் நூறு ஆண்டுக் காலத்தில் பிடித்துவைக்கும் வெப்பம், ஒரு டன் கரியமில வாயு பிடித்துவைப்பதைப் போல எத்தனை மடங்கு என்று அது கூறுகிறது. 1990-களில் இந்த எண் 21 என்று கொள்ளப்பட்டது. பின்னர் 25 என்றும் 28 என்றும் திருத்தப்பட்டது. நூறு ஆண்டுக்குப் பதில் 20 ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது சுமார் 80 ஆகிவிடும்!

28 என்ற எண்ணின்படி, நம் பண்ணை ஆண்டுக்கு 280 டன் கரியமில வாயு விடுவதாக ஏட்டில் எழுதப்படும். 50 ஆண்டில் ஏட்டுக் கணக்கு 14,000 டன்னாக வளர்ந்துவிடும். ஆனால் காற்றில் இருப்பதோ, தொடக்கத்தில் இருந்த அதே 120 டன் மீத்தேன்தான்.

பக்கத்து ஊரில் ஒருவர் புதிதாக 100 பசுக்களுடன் பண்ணை தொடங்குகிறார் என்று கொள்வோம். அவர் பெயரிலும் ஏட்டில் அதே 280 டன்தான். ஆனால் அவரால் காற்றில் மீத்தேன் பூச்சியத்திலிருந்து தொடங்கி 12 ஆண்டுகளில் 76 டன்னுக்கு ஏறுகிறது. பழைய பண்ணைக்கும் புதிய பண்ணைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஏடு காண்பதில்லை. பருவநிலை பற்றிய பன்னாட்டு விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் வெளியிட்ட அறிக்கை இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. 20 ஆண்டுக் காலத்தில் பார்த்தால், நிலையான மீத்தேன் வெளியீட்டின் விளைவை இந்த அளவுகோல் 3 அல்லது 4 மடங்கு மிகைப்படுத்துகிறது; புதிய வெளியீட்டின் விளைவையோ 4 அல்லது 5 மடங்கு குறைத்துக் காட்டுகிறது.

எனவே நியூசிலாந்து விவசாயிகள், 'எங்கள் மாடுகளையும் நிலக்கரியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்' என்று கேட்டது நியாயமே. அதில் இயற்பியல் இருக்கிறது.

2019-இல் செய்த நல்ல காரியம்

இந்த நியாயத்தை நியூசிலாந்து நாடாளுமன்றம் 2019 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டுச் சட்டம் வாயுக்களை இரண்டாகப் பிரித்தது. கரியமில வாயுவும் நைட்ரஸ் ஆக்சைடும் போன்ற நீண்டகால வாயுக்களின் நிகர வெளியீடு 2050-க்குள் பூச்சியமாக வேண்டும். உயிரினங்களிலிருந்தும் குப்பையிலிருந்தும் வரும் மீத்தேனோ, 2017-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030-க்குள் 10 விழுக்காடும், 2050-க்குள் 24 முதல் 47 விழுக்காடும் குறைந்தால் போதும்.

24, 47 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? புவி வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்துவதற்கு உலகம் செல்லக்கூடிய வழிகளை ஐ.பி.சி.சி. 2018-இல் ஆராய்ந்தது. அவ்வழிகளில் வேளாண் மீத்தேன் குறைய வேண்டிய அளவே இது. மாட்டின் மூத்திரமும் உரமும் தரும் நைட்ரஸ் ஆக்சைடை நீண்டகால வாயுக்களோடு சேர்த்ததும் சரியே. அது நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும். வாயுவின் இயல்பறிந்து அதற்கேற்ற விதி செய்த இச்சட்டத்தை, இயற்பியல் படித்த எவரும் பாராட்டாமல் இருக்க முடியாது.

அளவுகோல் இருந்தது, நெம்புகோல் இல்லை

ஆனால் இலக்கை எழுதிவைத்தால் மாடு ஏப்பத்தைக் குறைத்துக்கொள்ளுமா? இலக்கை எட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியின் வரலாறுதான் வருத்தம் தருவது.

2003-இல் மீத்தேன் ஆராய்ச்சிக்கென்று கால்நடை வளர்ப்போர் மீது சிறிய தீர்வை ஒன்று விதிக்க அரசு முன்வந்தது. 'வாயு பிரியும் வரி' என்ற பொருளில் அதற்கு ஒரு கேலிப் பெயர் சூட்டினார்கள். கேலியிலும் அறிவியல் பிழை இருந்தது; மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாய் வழியாகவே வெளியேறுகிறது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றப் படிக்கட்டில் டிராக்டரையே ஏற்றினார். தீர்வை கைவிடப்பட்டது.

2008-இல் வாயு வெளியீட்டு வாணிபத் திட்டம் சட்டமாயிற்று. வேளாண்மை அதில் 2013-இல் சேரும் என்றார்கள். பிறகு 2015 என்றார்கள். பிறகு தேதியே இல்லை. 2019-இல் அரசும் விவசாயச் சங்கங்களும் மவோரி மக்களின் பிரதிநிதிகளும் சேர்ந்து ஒரு கூட்டுமுயற்சி தொடங்கினர். 'எல்லோரும் ஒரே படகில்' என்ற பொருள்படும் மவோரித் தொடரே அதற்குப் பெயர். அதன் ஆலோசனையைத் தொடர்ந்து, 2025 முதல் பண்ணை அளவில் தீர்வை வசூலிக்கும் திட்டத்தை அரசு 2022 அக்டோபரில் முன்வைத்தது. டிராக்டர்கள் மறுபடி தெருவுக்கு வந்தன. 2023 தேர்தலில் ஆட்சி மாறியது. 2024-இல் வேளாண்மையை வாணிபத் திட்டத்திலிருந்து விலக்குவதாகவும், அந்தப் படகைக் கலைப்பதாகவும் புதிய அரசு அறிவித்தது. 2025 அக்டோபரில் மீத்தேனுக்கு வரி கிடையாது என்ற அறிவிப்பும் வந்தது. அத்துடன் 24 முதல் 47 விழுக்காடு என்ற 2050 இலக்கு, 14 முதல் 24 விழுக்காடு என்று சுருங்கியது.

இருபத்திரண்டு ஆண்டுகள், நான்கு முயற்சிகள், ஒரு மாட்டுக்குக் கூட ஒரு காசு தீர்வை விதிக்கப்படவில்லை.

சரியான கணக்கு, வசதியான தொடக்கம்

14 முதல் 24 என்பது எப்படிக் கிடைத்தது? அரசு 2024-இல் ஒரு விஞ்ஞானிகள் குழுவை அமர்த்தி ஒரு கேள்வி கேட்டது: 'நம் நாட்டு மீத்தேன், 2017-இல் உண்டாக்கிய சூட்டுக்கு மேல் கூடுதல் சூட்டை உண்டாக்காதிருக்க எவ்வளவு குறைக்க வேண்டும்?' குழு கணக்கிட்டு, உலகின் பிற நாடுகளின் போக்கைப் பொறுத்து 2050-க்குள் சுமார் 14 முதல் 24 விழுக்காடு என்று விடை தந்தது.

தொட்டிக் கணக்குப்படி, அளவைக் கூட்டாமல் இருந்தாலே போதுமே, ஏன் 14 விழுக்காடாவது குறைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கடல் ஒரு பெரிய கொப்பரை. அடுப்பின் தீயைக் கூட்டாமல் ஒரே அளவில் எரித்தாலும், கொப்பரை நீர் நெடுநேரம் சூடேறிக்கொண்டேதான் போகும். நீரின் சூடு ஏறாமல் இருக்கத் தீயைச் சற்றுத் தணிக்க வேண்டும். அந்தத் தணிப்பே இந்தக் குறைப்பு. ஆகவே விடையில் பிழையில்லை.

குறை, கேள்வியில் இருக்கிறது. 'கூடுதல் சூடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதை விடக் கூடுதல்? 2017-ஐ விட. நம் பண்ணையின் 120 டன் மீத்தேனை மீண்டும் நினைத்துப் பாருங்கள். எடைக்கு எடை பார்த்தால், காற்றில் இருக்கும் மீத்தேன் கரியமில வாயுவைப் போல நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அந்த 120 டன், 12,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டை இடைவிடாமல் தந்துகொண்டிருக்கிறது. அது கூடவில்லை என்பது உண்மை. இல்லவே இல்லை என்பது உண்மையாகாது. 'கூடுதல் சூடு இல்லை' என்ற இலக்கு, இருக்கிற சூட்டை அப்படியே வைத்துக்கொள்ள உரிமை கேட்கிறது.

நம் ஊர் ஏரியை எண்ணிக்கொள்ளுங்கள். ஏரிக்குள் பத்து ஏக்கர் வளைத்துப் பயிரிடும் ஒருவர், 'இனி ஓர் அடி கூட முன்னே வரமாட்டேன். வேண்டுமானால் ஓர் ஏக்கர் விட்டுத் தருகிறேன்' என்கிறார். அவர் கூற்று அளவையாளர் கணக்குப்படி சரியாகவே இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம் வருவது, அவர் வளைத்துவைத்திருக்கும் மீதி ஒன்பது ஏக்கராலும்தான்.

2017 என்ற ஆண்டும் யோசிக்கத்தக்கது. நியூசிலாந்தில் 1990-இல் கறவை மாட்டினம் சுமார் 34 லட்சம். 2017-இல் சுமார் 65 லட்சம். அதே காலத்தில் செம்மறியாடுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டதால் மொத்த மீத்தேன் பெரிதாக மாறவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆடு விட்டுச்சென்ற இடத்தை மாடு பிடித்துக்கொண்டது. காற்றின் மட்டம் இறங்கியிருக்க வேண்டிய வாய்ப்பு அவ்வாறு நழுவியது.

இந்த விதியை உலகுக்கே பொதுவாக்கினால் என்ன ஆகும்? மீத்தேனால் மட்டும் புவி ஏற்கெனவே சுமார் அரைப் பாகை சூடேறியிருக்கிறது. மனிதச் செயலால் வரும் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளுடையது. எல்லா நாடுகளும் 'கூடுதல் இல்லை' என்று நின்றுவிட்டால், அந்தச் சூடும் அப்படியே நின்றுவிடும். விரைவில் சூட்டைக் குறைக்க இயற்கை தந்த ஓட்டைத் தொட்டியைப் பயன்படுத்தாமல் விட்டவர்களாவோம்.

இன்னொன்று, நம்மையும் தொடுகிறது. இந்த விதிப்படி, பெரிய மந்தையை வைத்திருக்கும் பணக்கார நாடு குற்றமற்றது. கென்யாவிலோ பீகாரிலோ ஓர் ஏழைக் குடும்பம் முதன்முதலாக ஒரு பசு வாங்கினால், அதுவே 'கூடுதல் சூடு'! முன்பே இருந்தவனுக்கு உரிமை, பின்னே வந்தவனுக்குக் குற்றம் என்ற நீதியை இயற்பியல் ஒருபோதும் வகுக்கவில்லை. எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பவை சமுதாயம் தீர்மானிக்க வேண்டியவை. அத்தீர்மானத்தைச் செய்துவிட்டு, 'விஞ்ஞானம் சொன்னது' என்று கைகாட்டுவது முறையன்று. அந்நாட்டுச் சட்டமே ஏற்படுத்திய பருவநிலை மாற்ற ஆணையம் 2024 டிசம்பரில் எதிர்த்திசையில் ஆலோசனை தந்தது என்பதை மறக்கலாகாது. மீத்தேனைக் குறைந்தது 35 முதல் 47 விழுக்காடு வரை குறைக்க வேண்டும் என்றது அது.

விவசாயியின் தரப்பு

விவசாயியின் வாதங்களில் வலுவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நியூசிலாந்தின் பாற்பொருள்களில் மிகப் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அங்கே ஒரு லிட்டர் பாலுக்கு வெளியாகும் வாயு, உலகச் சராசரியை விடக் குறைவு. அங்கே பால் குறைந்து, அதை வேறெங்கோ அதிக வாயுவுடன் உற்பத்தி செய்தால் புவிக்கு என்ன லாபம்?

மருந்துகளிலும் சிக்கல் உண்டு. 3-நைட்ரோஆக்சிபுரோப்பனால் என்ற பொருளைத் தீவனத்தில் கலந்தால் கறவைப் பசுக்களின் மீத்தேன் சராசரியாகச் சுமார் 30 விழுக்காடு குறைகிறது. ஆனால் அது மாடு தின்னும்போதெல்லாம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்க வேண்டும். கொட்டிலில் கட்டித் தீனி போடும் ஐரோப்பாவுக்கு அது எளிது. ஆண்டு முழுதும் புல்வெளியில் மேயும் நியூசிலாந்து மாட்டுக்கு யார் வேளாவேளைக்கு ஊட்டுவது? குறைந்த மீத்தேன் விடும் செம்மறியாடுகளை அங்குள்ள விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆயினும் இனத்தேர்வு மெல்ல நடக்கும் காரியம்.

இவையெல்லாம் தீர்வையைக் கவனமாக வடிவமைக்க வேண்டும் என்பதற்குக் காரணங்களாகும். தீர்வையே வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் ஆகா. டென்மார்க்கும் ஏற்றுமதியை நம்பும் வேளாண் நாடுதான். 2024-இல் அங்கே எட்டிய உடன்பாட்டின்படி, 2030 முதல் கால்நடை வாயுவுக்கு டன் ஒன்றுக்கு 300 குரோனர் வரி. 2035-இல் அது 750 குரோனராகும். ஆனால் 60 விழுக்காடு கழிவு உண்டு. ஆகவே சராசரி விவசாயி உண்மையில் செலுத்துவது முறையே 120, 300 குரோனர். சராசரியை விடக் குறைவாக வாயு விடுபவருக்கு வரியும் குறையும்.

டென்மார்க்கின் முறையில் குறை உண்டு. அது பழைய அளவுகோலையே கையாண்டு எல்லா வாயுக்களையும் ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது. வரி தொடங்கும் நாளும் இனிமேல்தான் வரவேண்டும். ஆயினும் ஒப்பிட்டுப் பாருங்கள்: நியூசிலாந்திடம் நுட்பமான அளவுகோல் இருந்தது, நெம்புகோல் இல்லை, டென்மார்க்கிடம் இருப்பது கரடுமுரடான அளவுகோல், ஆனால் கையில் நெம்புகோல் இருக்கிறது. பாரத்தை நகர்த்துவது நெம்புகோல்தான்.

எது தகும்?

இரண்டையும் சேர்ப்பதில் தடையொன்றும் இல்லை. மீத்தேனைத் தனி வாயுவாகவே கணக்கிட்டு, அதற்கென்று தனித் தீர்வை விதிக்கலாம். வசூலாகும் பணத்தை மேய்ச்சல் மாட்டுக்கேற்ற மருந்து, தடுப்பூசி, இனத்தேர்வு ஆகிய ஆராய்ச்சிகளுக்கும், வாயுவைக் குறைத்துக் காட்டும் பண்ணைகளுக்கும் திருப்பித் தரலாம். 'லிட்டருக்கு இவ்வளவு' என்று பெருமை பேசாமல், நாட்டின் மொத்த மீத்தேன் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுக்கு லிட்டர் தெரியாது, டன்தான் தெரியும். தொடக்க ஆண்டை எதற்காகத் தேர்ந்தோம், அதனால் யாருக்கு லாபம் என்பதையும் மக்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 'இந்த எண் அறிவியல் தந்தது' என்று யாராவது உங்களிடம் ஓர் எண்ணை நீட்டினால், அதைச் சரிபார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது, அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்றும் விசாரியுங்கள். 14-க்கும் 47-க்கும் இடையே கூட்டல் கழித்தல் பிழை எதுவுமில்லை. 'இருப்பதை வைத்துக்கொள்ள எவ்வளவு போதும்?' என்று கேட்டவருக்கு ஓர் எண் கிடைத்தது. 'புவியின் சூடு தணிய நம் பங்கு எவ்வளவு?' என்று கேட்டவருக்கு வேறோர் எண் கிடைத்தது. நியூசிலாந்து 2019-இல் இரண்டாவது கேள்வியைக் கேட்டது. 2025-இல் முதலாவதைத் தேர்ந்துகொண்டது.